ஊர்முட்டைக்குக் கூடுதலாகக் காசு கொடுக்கும்போது நாம் விடும் பிழைகள்

போன மாதம் என் மருமகள் பெரியபிள்ளையானாள். அக்கா செய்தியைச் சொல்லி முடிக்க முதலே, "தம்பி, வரேக்க முப்பது ஊர்முட்டை எடுத்துக்கொண்டு வா" என்றாள். வழக்கப்படி அவளுக்கு நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுக்க வேண்டும். பண்ணை முட்டை சரிவராதாம். கிளிநொச்சிச் சந்தையில் அன்று இரண்டு பேரிடம்தான் ஊர்முட்டை இருந்தது, விலையும் பண்ணை முட்டையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பேரம் பேசாமல் வாங்கி, பரந்தன் சந்தியால் திரும்பி, விசுவமடு தாண்டிப் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே அக்கா உடைத்த மூன்றாவது முட்டையிலேயே சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. அடையில் சில நாள் கிடந்த முட்டை. பேட்டுக்குக் கீழே இருந்து எடுத்துச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள்.

முட்டையில் நாம் ஏமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். 'ஊர்முட்டை' என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடனே அது புதியது, சத்துக் கூடியது, மருந்தில்லாதது, கோழி சந்தோசமாக ஓடித்திரிந்து இட்டது என்று நான்கைந்து நம்பிக்கையை ஒரே கூடையில் போட்டுக் காசு கொடுக்கிறோம். இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் சங்கதி. ஒன்று உண்மை என்றால் மற்றதும் உண்மையாக இருக்க வேண்டும் என்று இல்லை.

நிறத்தில் இருந்து தொடங்கலாம், அதுதான் எல்லாரும் விடும் பிழை. கோது வெள்ளையா பழுப்பா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது. வெள்ளை லெகோன் வெள்ளை முட்டை இடும், ஷேவர் பிறவுண் பழுப்பு முட்டை இடும். இரண்டும் ஒரே கொட்டிலில் ஒரே தீனியைத் தின்றாலும் அப்படித்தான். இருந்தும் பழுப்புக்கு மதிப்புக் கூட. 2022 ஓகஸ்டில் அரசாங்கம் முட்டைக்கு உச்ச விலை வைத்தபோதுகூட வெள்ளை 43 ரூபா, பழுப்பு 45 ரூபா என்றுதான் வர்த்தமானியில் வந்தது. அந்த இரண்டு ரூபா கோதின் நிறத்துக்குத்தான். உள்ளே இருக்கிறதுக்கு அல்ல. இந்த மயக்கம் தெரிந்தவர்கள் வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து விற்பதும் உண்டு. சந்தேகம் வந்தால் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சின்னதென்றால் ஊர்முட்டை என்று அளவை நம்பியும் பயனில்லை. புதிதாக முட்டையிடத் தொடங்கிய பண்ணைப் பேட்டின் முட்டையும் சின்னதாகத்தான் இருக்கும்.

மஞ்சள் கருவின் நிறம் இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. நல்ல செம்மஞ்சளாக இருந்தால் 'இதுதான் அசல்' என்கிறோம். அந்த நிறம் தீனியில் இருந்து வருகிறது. பச்சை இலை, புல், மஞ்சள் சோளம் தின்றால் கரு சிவக்கும். பண்ணைத் தீனியில் செண்டுமல்லிப் பூச் சாற்றையோ மிளகாய்ச் சாற்றையோ கலந்தாலும் அதே நிறம் வரும். வன்னியில் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எங்கள் வளவுக் கோழி அரைவாசி நாள் குருணலிலும் தவிட்டிலும் வாழ்கிறது. அரிசியில் மஞ்சள் நிறப்பொருள் இல்லை. ஆடி ஆவணியில் வளவு காய்ந்து, புல் எல்லாம் கருகிக் கிடக்கும் காலத்தில் அசல் ஊர்க்கோழியின் கருவும் வெளிறிப்போகும். மாரி தொடங்கிப் பச்சை தளிர்த்தால் திரும்பச் சிவக்கும். ஆக, வெளிறிய கருவைக் கண்டு, முட்டை விற்ற கிழவியை ஏமாற்றுக்காரி என்று சொல்வது அநியாயம்.

சத்து? ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம், பெரிய முட்டை என்றால் கொஞ்சம் கூட. வளவில் இட்டாலும் கூண்டில் இட்டாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. புல்லும் பூச்சியும் தின்று வெயிலில் திரிந்த கோழியின் முட்டையில் ஒமேகா-3, விற்றமின் ஈ, விற்றமின் டி கூடலாம் என்பது உண்மை. ஆனால் ஊர்முட்டை சின்னது என்பதால், ஒரு முட்டைக்கு ஒரு முட்டை என்று கணக்குப் பார்த்தால் புரதம் குறைவாகத்தான் கிடைக்கும். சேவல் சேர்ந்த முட்டைக்குச் சத்துக் கூட என்ற கதைக்கும் ஆதாரம் இல்லை. 'ஹோர்மோன் ஊசி போட்டுத்தான் பண்ணைக் கோழி நாளுக்கு ஒன்று இடுது' என்பதும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனம், அளந்த தீனி, ஒரு நாளைக்கு 16 மணிநேர வெளிச்சம். இவ்வளவும் போதும், அது வருடத்துக்கு 300 முட்டை இடும்.

இனி, கொஞ்சம் பாரமான பிழை. ஊர்க்கோழி என்றால் 'சேதனம்', நஞ்சில்லாதது என்று நினைப்பது.

சேதனம் என்ற சொல்லே வன்னியில் ஒரு காயம். சேதன விவசாயம் என்று சொல்லி 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் விலக்கினார்கள். அதற்குள் வயல் மஞ்சளித்துப் போனது. சோளமும் விழுந்தது. டொலர் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, கோழித்தீனி விலை ஏறி, முட்டை விலையும் ஏறியது. 2023 இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்கும் வரை போனது நிலைமை. அதனால் இங்கே சிலர் சேதனம் என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். வேறு சிலர், பசளை போடாத எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள். இரண்டும் சரியில்லை. சேதன முட்டை என்றால் கோழி தின்னும் தானியமும் சேதன முறையில் விளைந்திருக்க வேண்டும், அதை யாரோ வந்து பரிசோதித்திருக்க வேண்டும். எங்கள் பேடுகள் என்ன செய்கின்றன? வேலிக்குள்ளால் புகுந்து, நேற்று மருந்தடித்த வயலில் பூச்சி பொறுக்குகின்றன. எரித்த குப்பையைக் கிளறுகின்றன. பழைய பற்றரி உடைத்துப் போட்ட இடத்தில் மண் குளிக்கின்றன. மண்ணில் ஈயம் இருந்தால் அது முட்டைக்கும் வரும். வளவுக் கோழி முட்டையில் ஈயம் கூடுதலாக இருந்ததை அவுஸ்திரேலியாவில் சோதித்தே கண்டிருக்கிறார்கள். மருந்து விசயத்திலும் வளவு சுத்தம் என்று சொல்ல முடியாது. கோழி தூங்கி விழுந்தால், வீட்டில் மிஞ்சிய அன்ரிபயோற்றிக் கப்சூலை உடைத்துச் சோற்றில் குழைத்து வைக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு இத்தனை நாள் முட்டையை எடுக்கக்கூடாது என்ற கணக்கை அங்கே யாரும் வைத்திருப்பதில்லை.

பிரான்சில் இருந்து விடுமுறைக்கு வந்த எங்கள் சித்தி, இங்கத்தைய முட்டையைக் கையில் எடுத்து இலக்கம் தேடினார். அங்கே ஒவ்வொரு முட்டையிலும் குறி அடித்திருக்கும். 0 என்றால் சேதனம், 1 என்றால் வெளியே திரிந்த கோழி, 2 என்றால் கூண்டில்லாமல் கொட்டிலுக்குள், 3 என்றால் கூண்டு. வெற்றுக் கம்பிக் கூண்டை ஐரோப்பிய ஒன்றியம் 2012 தொடக்கத்தோடு தடை செய்துவிட்டது. இப்போது கூண்டு என்றாலும் ஒரு கோழிக்கு 750 சதுர சென்ரிமீற்றர் வேண்டும், A4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. வெளியே திரிவது என்றால் கோழிக்கு 4 சதுர மீற்றர் வெளி இருக்க வேண்டும். ஆனால் 2 ஆம் இலக்கத்தைப் பாருங்கள்: ஒரு சதுர மீற்றரில் 9 கோழி வரை விடலாம், வெளிச்சூரியனைக் காணத் தேவையில்லை. சுப்பர்மார்க்கெற்றில் 'கூண்டில்லா முட்டை' என்று அழகான பெட்டியில் கூடின விலைக்கு இருப்பது இந்த வகையாகவும் இருக்கலாம். நான் பார்த்த சிறு பண்ணைகளில் உமி பரப்பிய தரையில் கோழிகள் நடமாடுகின்றன. அவர்களும் கூண்டில்லா முட்டைதான் விற்கிறார்கள், பெட்டிதான் இல்லை. பெட்டியில் கோழி புல் மேய்கிற படம் இருந்தால் படத்தை விட்டுவிட்டுச் சொல்லை வாசியுங்கள்.

அதற்காக, அவிழ்த்து விட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. கீரி, பருந்து, பாம்பு. எல்லாத்துக்கும் மேலாக வெள்ளைக் கழிச்சல் நோய். தடுப்பு மருந்து போடாத வளவில் ஒரு கிழமைக்குள் கோழி முழுக்கச் செத்துப்போகும். இரவு பூட்டக் கூடு, தடுப்பு மருந்து, நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். கோழி நல்லாக வாழ்ந்ததா என்பதற்கு 'ஓடித்திரியுது' என்ற பதிலைவிட இவை நல்ல சாட்சி.

விலைக்கு வருவோம். ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு இருந்துவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சோடு இரண்டு மாதம். வருடத்துக்கு அறுபது முட்டை கிடைத்தாலே பெரிய காரியம். பண்ணைக் கோழியின் 300 உடன் ஒப்பிட்டால், இரண்டு மடங்கு விலை கொள்ளை இல்லை என்பது விளங்கும். ஆனால் நாம் பேரம் பேசுவது யாரோடு? கடகத்தில் இருபது முட்டையோடு குந்தியிருக்கும் ஆச்சியோடு. விலை ஒட்டிய பெட்டியோடு யாரும் வாதாடுவதில்லை. வாய்ச்சொல்லும் மடிக்காசும் வேறு வேறு திசையில் போவது எங்களிடம் மட்டும் இல்லை. கலிபோர்ணியாவில் 2008 இல் கோழிக்கு இடம் கொடுக்கும் சட்டத்துக்கு 63 வீதத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அந்தக் காலத்தில் கடையில் கூண்டில்லா முட்டை வாங்கியவர்கள் அதில் சின்னப் பங்குதான். கோழி நல்லாக வாழட்டும் என்று கூடக் காசு கொடுப்பது நல்ல காரணம், அதற்குச் சத்துக் கதையைத் துணைக்கு இழுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

வாங்கிய பிறகு விடும் பிழைகள் இரண்டு. சாணமும் மண்ணும் ஒட்டியிருக்கிறது என்று முட்டை முழுவதையும் கழுவி வைப்பது ஒன்று. கோதின் மேலே ஒரு மெல்லிய காப்பு இருக்கிறது, கழுவினால் அது போய்விடும். காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள், சமைக்கும் நேரம் கழுவுங்கள். மற்றது, ஊர்முட்டை என்றால் பச்சையாகக் குடிக்கலாம் என்பது. சால்மொனெல்லா கிருமிக்கு ஊரும் பண்ணையும் தெரியாது. போதாததற்கு, அவித்த முட்டையின் புரதத்தில் 90 வீதமளவு உடம்பில் சேரும், பச்சை முட்டையில் ஏறக்குறைய பாதிதான். மருமகளுக்கு முட்டையை நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுக்கச் சொன்னேன். அம்மம்மா இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு மூன்றாம் நாள் தானே பொரித்துக் கொடுத்தார்.

அடை முட்டையைக் கண்டுபிடிக்கும் வழியையும் அன்றுதான் அவரிடம் பழகினேன். அவர் காலத்தில் குப்பி விளக்கு, இப்போது போன் ரோச். இருட்டறையில் வெளிச்சத்தைக் கைக்குள் பொத்தி, முட்டையின் அகன்ற பக்கத்தை அதன் மேல் வைக்க வேண்டும். நல்ல முட்டை முழுக்க ஒரே மாதிரி செம்மஞ்சளாக ஒளிரும். நான்கைந்து நாள் அடை கிடந்ததில் சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்பு தெரியும். பழைய முட்டையில் அகன்ற முனையில் காற்றறை பெரிதாக இருக்கும். தண்ணீரில் மிதப்பதும் இந்தக் காற்றறையால்தான். மிதந்தால் பழசு என்று அர்த்தம், கூழ்முட்டைதானா என்று உடைத்து மணந்துதான் சொல்லலாம்.

அடுத்த கிழமை சந்தைக்குப் போனபோது எனக்கு முட்டை விற்ற ஆச்சியிடம் நரம்பு ஓடிய முட்டையைப் பற்றிச் சொன்னேன். அவர் கடகத்துக்குள் கையைவிட்டு, ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்து, இரண்டைத் தனியாக வைத்தார். "இது ரெண்டும் பழசு மோனை, புட்டுக்கு உடைச்சு ஊத்து, காசு வேண்டாம்" என்றார். மற்றதுக்கு விலை குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.