வருடக் கடைசியில் பயணக் கணக்கு எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் முழுக்க ஒரே மாதிரியான பதிவுகள்தான். இத்தனை ஊர், இத்தனை கிலோமீட்டர், மலை உச்சியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரு படம், கீழே "இந்த வருடப் பயணங்கள் என்னைச் செதுக்கின" என்று ஒரு வரி. எழுதுவதில் தப்பே இல்லை. வருடம் முழுக்க ஊர் சுற்றியவர் ஒரு தடவை உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் முக்கால்வாசிப் பேர் அதை அடுத்தவர் பார்ப்பதற்காகவே எழுதுகிறார்கள், அதனால் மூன்று வருடம் கழித்து எடுத்துப் படித்தால் எழுதியவருக்கே அதில் உருப்படியாக ஒன்றும் தேறுவதில்லை. எங்கே போனார் என்பது இருக்கும். போய் வந்த பிறகு வீட்டில், வேலையில், பேச்சில் எது வேறு மாதிரி ஆனது என்பது இருக்காது.

முதல் தவறு, ஞாபகத்தை மட்டும் நம்பி எழுத உட்காருவது. ஞாபகம் முழுப் பொய் சொல்லாது, பழைய சரக்கையும் புதுச் சரக்கையும் கலந்து கொடுத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் 2024 வருடக் குறிப்பில் ராமேஸ்வரம் போனதை அழகாக எழுதியிருந்தார்: ரயில் ஊர்ந்து போகிறது, இரண்டு பக்கமும் கடல், ஜன்னல் வழியே உப்புக் காற்று. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள், புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6-இல். இடைப்பட்ட காலத்தில் ரயிலில் வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி, பஸ் பிடித்து, சாலைப் பாலம் வழியாகத்தான் தீவுக்குள் போக முடிந்தது. மனிதர் வேண்டுமென்று புளுகவில்லை. சாலைப் பாலத்தில் பஸ் போகும்போது பக்கத்தில் தெரிந்த தண்டவாளமும், சின்ன வயதில் அப்பாவோடு போன ரயிலும் எங்கேயோ ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். கேட்டபோது அவரே திகைத்துப்போனார்.

அதனால் எழுதுவதற்கு முன்னால் ஆதாரங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் இருக்கும் பழைய டிக்கெட்டுகள், கேலரியில் தேதிவாரியாக இருக்கும் படங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "வந்து சேர்ந்துட்டேன்" என்று போட்ட செய்திகள், எல்லாமே உதவும். பஸ்ஸில் மெஷினில் அடித்துக் கொடுக்கிற டிக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள், அந்தத் தாளில் இருப்பது சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே ஒரு போட்டோ எடுத்துவிடுவது நல்லது. கூகுள் மேப்ஸ் டைம்லைன் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது இப்போது உங்கள் போனுக்குள்தான் சேமிக்கப்படுகிறது, பேக்கப் போடாமல் போனை மாற்றினால் போன இடமெல்லாம் போனதுதான்.

இருப்பதிலேயே நல்ல ஆதாரம் யூபிஐ கணக்கு என்பது என் கட்சி. ஓட்டல் வாடகை, டாக்ஸி மாதிரிப் பெரிய தொகைகளை விட்டுவிட்டுச் சில்லறைகளைப் பாருங்கள். அதிகாலை 5:40-க்கு 24 ரூபாய் போயிருக்கும், வாங்கியவர் பெயரைப் பார்த்தால் யாரென்றே தெரியாது. தேதியை வைத்து யோசித்தால், சரி, ஹொஸ்பேட் பஸ் நிலையம், ஹம்பி பஸ்ஸுக்காகக் குளிரில் உட்கார்ந்திருந்தது, பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவரிடம் கன்னடம் தெரியாமல் கையாலேயே பேசியது, ஒரு டீக்குப் பதில் இரண்டு டீ வாங்கியது, எல்லாம் வரிசையாக வந்துவிடும். அன்றைக்கு விருபாட்சர் கோயில் கோபுரத்தை வளைத்து வளைத்துப் படம் எடுத்திருப்பீர்கள். ஒன்றிலும் அந்தப் பெரியவர் இருக்க மாட்டார். படங்களை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு ஏற்ற மாதிரி எழுதுகிறவர்களின் கணக்கில் இப்படிப்பட்டவர்கள் எல்லாம் விட்டுப்போகிறார்கள். காய்ச்சலில் லாட்ஜ் அறையில் சுருண்டு கிடந்து, ரிசப்ஷன் பையனிடம் பாராசிட்டமால் வாங்கிவரச் சொல்லி, ரொட்டியும் பாலுமாக ஒப்பேற்றிய நாளும் விட்டுப்போகும். தனியாக விட்டால் சமாளித்துக்கொள்வோம் என்பது பலருக்கு அந்த மாதிரி நாளில்தான் தெரிந்திருக்கும்.

அடுத்தது, கடைசி நாளை வைத்து முழுப் பயணத்துக்கும் மார்க் போடுவது. இது நம் எல்லாருக்கும் இருக்கும் கோளாறு. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. 14 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அதே ஒரு நிமிடம், அதற்கு மேலே கூடுதலாக 30 வினாடி, அந்த 30 வினாடியில் மட்டும் தண்ணீரைக் கொஞ்சமே கொஞ்சம் சூடாக்கினார்கள். இதில் எதைத் திரும்பவும் செய்கிறீர்கள் என்று கேட்டால் அதிகம் பேர் நீளமானதைத்தான் எடுத்தார்கள், மொத்தத்தில் அதில்தான் வேதனை அதிகம் என்றாலும், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். நம் ஊர்சுற்றலிலும் இதே கதைதான். நாலு நாள் குடகில் மழையும் காபித் தோட்டமுமாக நன்றாகப் போயிருக்கும், திரும்பும்போது பஸ் பாதி ராத்திரியில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் நின்றுவிட்டிருக்கும், வருடக் குறிப்பில் "குடகு, சுமார்" என்று விழுந்துவிடும். முதல் நாளையும் கடைசி நாளையும் தள்ளிவைத்துவிட்டு, நடுவில் ஒரு நாள் மத்தியானம் எங்கே இருந்தீர்கள், யாரோடு, என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள். மார்க் மாறும்.

இப்போது பெரிய தவறுக்கு வருவோம். "பயணம் என்னை மாற்றிவிட்டது." இந்த வரியை எழுதுகிறவரிடம் என்ன மாறியது என்று கேட்டால் பொறுமை, தெளிவு, நம்பிக்கை என்று மூன்று வார்த்தை வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. பயணம் ஆளை மாற்றாது என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் யேனா பல்கலைக்கழகத்தின் யூலியா சிம்மர்மானும் ஃபிரான்ஸ் நெயரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, வெளிநாட்டில் தங்கிப் படிக்கப் போன மாணவர்களையும் ஊரிலேயே இருந்த மாணவர்களையும் ஒப்பிட்டது. போனவர்களுக்குப் புதியதை ஏற்கும் மனம் கூடியது, மனத் தடுமாற்றம் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில் நம் ஆட்கள் கவனிக்காமல் தாண்டிவிடுகிற இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, போனவர்கள் கிளம்புவதற்கு முன்பே போகாதவர்களிடமிருந்து குணத்தில் கொஞ்சம் வேறுபட்டுத்தான் இருந்தார்கள். இரண்டு, மாற்றத்துக்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது அங்கே அவர்களுக்குக் கிடைத்த புது உறவுகள். அவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே இருந்தவர்கள். மூன்று நாள் கொடைக்கானலில், கூட்டிப்போன நண்பர்களோடு மட்டுமே பேசிவிட்டு, "புது மனிதனாகத் திரும்பினேன்" என்றால் எப்படி?

என் சித்தி மகள் இதற்கு ஒரு நல்ல சோதனை வைத்திருக்கிறாள். ஜெய்ப்பூருக்குத் தனியாகப் போய் வந்தவள். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பெரிய விஷயமாக வீட்டில் எல்லாரும் பேசியபோது, "அங்க யாருக்கு என்னைத் தெரியும், அதுல என்ன இருக்கு? மதுரையில, தெரிஞ்சவங்க நாலு பேர் கண்ணுல படற மெஸ்ஸுல தனியா போய் உட்கார்ந்து மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட்டேன் பாருங்க, அதைச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் விஷயம். வெளியூரில் வரும் தைரியத்தில் பாதி, நம்மை யாருக்கும் தெரியாது என்பதால் வருவது. அது வீட்டு வாசல் தாண்டி உள்ளே வந்ததா என்று பார்க்க வேண்டும். பொறுமை வந்தது என்று எழுதாமல், லோயர் பெர்த்தை வயதானவருக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னால் முன்பெல்லாம் டிடிஇ வரும் வரை வழக்காடியவர் இப்போது முணுமுணுக்காமல் மேலே ஏறுகிறாரா என்று எழுதலாம். எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், சரி, இந்த வருடம் நன்றாக ஊர் சுற்றினீர்கள், அதுவே போதும். ஒவ்வொரு சுற்றுலாவிலிருந்தும் ஞானம் பெற்றாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நெதர்லாந்தில் சுற்றுலா ஆய்வாளர் யெரூன் நவைன் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறை போய் வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிய பிறகு போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக ஒன்றும் இல்லை. மிக நிதானமாக ஓய்வெடுத்தவர்களுக்கு மட்டும் விடுமுறை தந்த மகிழ்ச்சி இரண்டு வாரம் வரை நீடித்தது. போவதற்கு முன்னால்தான் எல்லாருக்கும் குஷி.

இன்னொன்று, அந்த வருடம் நடந்த மற்றதையெல்லாம் மறந்துவிடுவது. வேலை மாறியிருக்கும், அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் வாரக்கணக்கில் படுத்திருப்பீர்கள், ஒரு கடன் அடைந்திருக்கும். நிதானம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆஸ்பத்திரி வராண்டா படத்துக்கு எடுபடாது என்பதால் பெயரை இமயமலையின் ஸ்பிதி பள்ளத்தாக்கு தட்டிக்கொண்டு போகும்.

பணத்தையும் ஆட்களையும் மறைப்பது எனக்கு எரிச்சல் தருகிற தவறு. கிளம்பிப் போனவரின் சுதந்திரத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக இருக்கும், அந்த வாரம் குழந்தையை ஸ்கூலுக்குக் கூட்டிப்போன மாமியார், இவருடைய ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்த சக ஊழியர், கிரெடிட் கார்டு இஎம்ஐ பற்றி ஒரு வரிகூட இருக்காது. பெண்கள் எழுதும்போது இன்னொன்றும் விட்டுப்போகிறது, வீட்டில் அனுமதி வாங்கிய கதை. சில சமயம் பயணத்தைவிட அதுதான் பெரிய பயணம். பொதுவில் போட வேண்டாம் என்றால் விடுங்கள், உங்கள் டைரியில் இருக்கட்டும். கூட வந்தவரோடு போட்ட சண்டையும் டைரியோடு நின்றால் நல்லது, அவரைக் கேட்காமல் அவர் கோபத்தை ஊருக்குச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

கடைசியாக, திரும்பிப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்து நாலாவது வரியிலேயே அடுத்த வருடப் பட்டியலுக்குத் தாவுவது. பட்டியல் வேண்டும்தான், ஆனால் ஜனவரி முதல் தேதி அதற்குச் சரியான நாள் இல்லை. ரயிலில் முன்பதிவுக் காலம் முன்பு 120 நாள், 2024 நவம்பர் 1 முதல் 60 நாள். அதாவது பொங்கலுக்கான டிக்கெட் நவம்பர் நடுவிலேயே திறந்து, நீங்கள் உறுதிமொழி எடுக்கும்போது வெயிட்டிங் லிஸ்ட்டில் நிற்கும். திரும்பிப் பார்க்கிற வேலையை நவம்பர் முதல் வாரத்துக்கே நகர்த்திவிடுங்கள், போன வருடம் எது பிடித்தது என்ற ஞாபகத்தோடு டிக்கெட் போடலாம். டிசம்பரில் போகிற பயணம் கணக்கில் விட்டுப்போகுமே என்று யாராவது கேட்டால், அதை அடுத்த வருடத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.