சொன்னது அவன், பரப்பியது நான்: பால்புதுமை (தன்பாலீர்ப்பு, திருநர்) ஊழியர்கள் விஷயத்தில் அலுவலகங்கள் விடும் பிழைகள்

சில வருடங்களுக்கு முன்பு என் குழுவில் இருந்த ஒரு தம்பி, வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தனக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று சொன்னான். நான் பொறுமையாகத்தான் கேட்டேன். "பயப்படாதே, இங்கே உனக்கு ஒரு பிரச்சினையும் வராது" என்றேன். அடுத்த நாள், அவனுக்கு ஒரு துணை இருக்கட்டும் என்று நினைத்து, இன்னொரு முகாமையாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். அவரும் ஒரே ஒருவரிடம்தான் சொன்னார். மூன்று வாரத்துக்குள் கதை கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அவனுடைய பெரியம்மா வீடு வரை போய்விட்டது. அந்த மாதமே அவன் வேலையை விட்டான்.

நான் விட்ட பிழைகளில் பெரியது அதுதான். மற்ற எதையும்விட இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது நல்ல மனதோடு செய்யப்படுகிற பிழை. கொழும்பில் தமிழர்களின் உலகம் சின்னது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே டியூஷன் வகுப்பு, ஆடி வேல் விழாவுக்கு ஒரே கூட்டம். பக்கத்து மேசைக்காரரின் மச்சாள் உங்கள் அம்மாவோடு கதிர்காமம் போனவராக இருப்பார். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வேலைக்கு வந்த பிள்ளைகள் பலர் உறவினர் வீட்டில், இல்லாவிட்டால் தெரிந்தவர்களின் அனெக்ஸில் தங்கியிருக்கிறார்கள். வேலை போனால் இன்னொன்று தேடலாம். வீட்டுக்குத் தெரிந்தால் படுக்கிற இடமே போய்விடும். அவசர அவசரமாகக் கல்யாணம் பேசுவார்கள், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள், பூசாரியிடமும் போவார்கள்.

ஆகவே ஒருவர் உங்களிடம் மனம் திறந்தால், அந்தச் செய்தி அவருடையது. "இது வேறு யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியக்கூடாது?" என்று அவரிடமே கேளுங்கள். மனிதவளப் பிரிவுக்குச் சொல்ல வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்தால், முதலில் அவரிடம் அனுமதி வாங்குங்கள். கோப்பில் எழுதாதீர்கள், மின்னஞ்சலில் குறிப்பிடாதீர்கள். வாய் திறக்காதவரை நாமாக ஊகித்து, "எனக்கு எல்லாம் தெரியும், தைரியமாகச் சொல்" என்று நெருக்குவதும் இதே பிழைதான். தேத்தண்ணி நேரத்தில் "ஏன் இன்னும் கல்யாணம் கட்டவில்லை?" என்று வருகிற கேள்விக்கு அவர் ஒவ்வொரு நாளும் ஒரு பொய்யைத் தயாராக வைத்திருக்கிறார். மேலாளராக இருப்பவர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டாலே அவருக்குப் பெரிய உதவி.

அடுத்தது சட்டம். "நாட்டில் இது குற்றம், நிறுவனம் எப்படி ஆதரிக்கலாம்?" என்று கூட்டங்களில் யாராவது கேட்பார்கள். அதோடு பேச்சு நின்றுவிடும். சட்டத்தைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தால் அங்கே நிற்கத் தேவையில்லை. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில், தன்பாலின உறவுக்கு எதிராகப் பயன்படும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. 1995இல் திருத்தம் வந்தபோது 365அ நீக்கப்படவில்லை. ஆண்களை மட்டும் குறித்த அந்தப் பிரிவு பெண்களுக்கும் பொருந்தும்படி மாற்றப்பட்டது. பெண்கள் இருவருக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது இலங்கை ஏற்றுக்கொண்ட கடப்பாடுகளை மீறுகிறது என்று, பால்புதுமையினர் உரிமைச் செயற்பாட்டாளர் ரொசன்னா பிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டில், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022இல் முடிவு சொன்னது. அந்தப் பிரிவுகளைத் திருத்த அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஆனால் பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை.

சரி, இதில் ஒரு கொம்பனிக்கு என்ன? அந்தப் பிரிவுகள் பாலியல் செயல்களைப் பற்றியவை. ஒருவரை வேலைக்கு எடுப்பதையோ, பதவி உயர்வு கொடுப்பதையோ, "பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ வைத்து யாரையும் ஒதுக்கக்கூடாது" என்று நிறுவனம் தன் கொள்கையில் எழுதுவதையோ அவை தடுக்கவில்லை. அதேநேரம், சட்டம் ஒரு பொருட்டே இல்லை என்று நினைப்பதும் ஆபத்து. உங்கள் ஊழியரை மிரட்டிப் பணம் கேட்கிறவனுக்கு இந்தச் சட்டம்தான் ஆயுதம். அடிபட்டாலும் பொலிஸுக்குப் போகத் தயங்குவது ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும். அவருடைய படத்தை நிறுவனத்தின் பேஸ்புக் பக்கத்தில் வானவில் நிறச் சட்டகத்தோடு போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஜூனில் பால்புதுமையினரின் பெருமை மாதத்துக்கு ஏற்றும் வானவில் கொடியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: வருடம் முழுவதும் வட்ஸ்அப் குழுவில் 'அலி' என்று பகிடி ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்தக் கொடி ஏறக்கூடாது.

பிளவுபட்ட சமூகம் என்று நாம் சொல்வதைக் கொழும்பில் ஒரே மாடியில் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர், போயா தினத்தில் சில் என்ற பௌத்த விரதம் எடுப்பவர், ஞாயிறு பூசை தவறாதவர் எல்லோரும் அங்கே ஒன்றாக வேலை செய்கிறார்கள். பால்புதுமையினரையும் வரவேற்கும் சுற்றுலா பற்றி 2025இல் பேச்சு எழுந்தபோது மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், அரசியல்வாதிகள் சேர்ந்துகொண்டார்கள், அந்தச் சூடு அலுவலகச் சாப்பாட்டு அறைக்கும் வந்தது. இப்படியான நேரத்தில் தலைவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். சிலர் எல்லோருடைய மனதும் மாறட்டும் என்று காத்திருக்கிறார்கள். வேறு சிலர் மனதை மாற்றியே தீருவேன் என்று, ஊழியர்களோடு வேதத்தைப் பற்றி வாதம் பண்ணுகிறார்கள். முதலாவது வழியில் காத்திருப்பு முடியாது. இரண்டாவது வழியில் பக்தியுள்ள ஊழியர் தன்னை அவமானப்படுத்தியதாக நினைப்பார், அந்தக் கோபம் கடைசியில் பால்புதுமை ஊழியர் மேலேயே இறங்கும்.

நான் இப்போது என் குழுவிடம் சொல்வது இவ்வளவுதான்: "வீட்டிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் நீங்கள் நம்புவது உங்களுடையது. அதை நான் கேட்க மாட்டேன். இங்கே யாரையும் கேலி செய்யக்கூடாது, யாரோடும் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லக்கூடாது, யாருடைய சொந்த வாழ்க்கையையும் வெளியே கொண்டுபோகக்கூடாது." இதே வரி தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற பகிடிகளுக்கும் பொருந்துகிறது. கொழும்பில் தன் பெயரைச் சொல்லத் தயங்கிய காலத்தை மறக்காத தமிழருக்கு இதை நீளமாக விளக்கத் தேவையில்லை என்பதையும் கண்டிருக்கிறேன். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை: இது நோய் என்று யாராவது சொன்னால், உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்று சொல்லிவிடுவேன்.

பயிற்சி வகுப்புகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவது கொழும்பு நிறுவனங்களின் பழைய பழக்கம். மேல்மாடியில் இருப்பவர்கள் கேட்டுத் தலையாட்டுவார்கள். வாசலில் நிற்கும் பாதுகாப்பு ஊழியருக்கும், சாரதிக்கும், கன்டீன் அக்காவுக்கும் ஒன்றும் போய்ச் சேராது. திருநங்கை ஒருவர் நேர்முகத் தேர்வுக்கு வந்தால் முதலில் சந்திக்கிற மனிதர் அந்தப் பாதுகாப்பு ஊழியர்தான். தமிழிலும் சிங்களத்திலும் கதையுங்கள். தமிழில் சொற்கள் இருக்கின்றன: திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையினர். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. நம் பேச்சுக்குப் பொருந்துவதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

திருநங்கை, திருநம்பி என்ற திருநர் ஊழியர்களிடம் "முதலில் அடையாள அட்டையை மாற்றிக்கொண்டு வா" என்பார்கள். பாலினத்தை ஏற்கும் சான்றிதழுக்கான நடைமுறை 2016 முதல் இலங்கையில் இருக்கிறது. மனநல மருத்துவரிடம் போய், சான்றிதழ் வாங்கி, பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அப்புறம்தான் அடையாள அட்டை. அதற்குக் காலம் எடுக்கும், எல்லோரும் அந்த வழியில் போக விரும்புவதுமில்லை. சம்பளப் பட்டியலிலும் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) பதிவிலும் சட்டப் பெயர் இருக்கட்டும். மேசைப் பலகையிலும் மின்னஞ்சலிலும் கூப்பிடுவதிலும் அவர் சொல்லும் பெயரை இன்றே வைக்கலாம். கழிவறைக்கு, உள்ளே பூட்டக்கூடிய தனி அறை ஒன்று எல்லோருக்குமாக இருந்தால் போதும்.

முறைப்பாடு வந்தால் முறைப்பாட்டாளரை வேறு கிளைக்கு மாற்றுவதுதான் மிகச் சுலபமான வழி. "உன் நன்மைக்காகத்தான்" என்பார்கள். தொந்தரவு செய்தவர் அதே கதிரையில் இருப்பார், தொந்தரவுபட்டவர் மூன்று பஸ் மாறி வேலைக்குப் போவார். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்குகிறது. தொந்தரவுபட்டவர் ஆணா பெண்ணா என்று அது பிரிப்பதில்லை. இதை விசாரணைக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். 'அவசரத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்று புதிய ஊழியர்களின் படிவத்தில் ஒரு இடம் இருக்கும். பக்கத்தில் 'உறவுமுறை' என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது என்று தெரியாமல், தன்னோடு வாழ்பவரை விட்டுவிட்டு ஊரில் இருக்கும் அப்பாவின் பெயரை எழுதியவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் நாங்கள் அந்த அப்பாவுக்குத்தான் தொலைபேசி எடுப்போம், "உங்கள் மகன் யாரோடு தங்கியிருக்கிறார்?" என்றும் கேட்போம். எங்கள் படிவத்திலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவிட்டோம். இப்போது ஒரு பெயரும் ஒரு இலக்கமும் மட்டும் கேட்கிறோம்.