கோட்டைக்குள் இலக்கிய நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்திலிருந்து வரும் வாசகர்களுக்காகத் திருவனந்தபுரத்தில், பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கிழக்கேகோட்டையில் இலக்கிய நடைப்பயணம் நடத்துவோர் செய்யும் முதல் தவறு, அந்நகரில் வாழ்ந்த தமிழ் எழுத்தாளர்கள் அனைவரையும் ஒரே காலைப்பொழுதுக்குள் திணிப்பது. 1891இல் ‘மனோன்மணீயம்’ வெளியிட்ட சுந்தரம் பிள்ளை பேரூர்க்கடையில் குடியிருந்தார். நகுலன் வாழ்ந்தது கவடியார்ப் பகுதியில். கோட்டையிலிருந்து நடந்தே சென்று பார்த்துத் திரும்பும் தொலைவில் அவை இல்லாததால், அவர்களுக்கென வேறொரு நாளை ஒதுக்குவதே முறை.

நாவலை வரைபடமாக்குவது அடுத்த தவறு. நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ (1970) இந்தப் பகுதியை எழுத்தில் நிறுத்திய நாவல் என்பதற்காக, ஏதேனும் ஒரு பழைய வீட்டைச் சுட்டி, “இதுதான் அனந்தன் நாயரின் வீடு” என்று சொல்லிவிடக் கூடாது. பாத்திரம் கற்பனை, வீட்டுக்குள் இருப்பவர்களோ நிஜமானவர்கள். தெருவை ஒட்டியே வாசல்கள் அமைந்த அக்கிரகாரத்தில் ஒரு கூட்டம் நின்று உரக்கப் பேசினால் அடுக்களை வரை கேட்கும். வாசிக்க விரும்பும் பகுதியைப் கோயில் குளமான பத்மதீர்த்தத்தின் கரையில், ஒலிபெருக்கியின்றி வாசிக்கலாம்.

என் பார்வையில் இவற்றைவிடப் பெரிய குறை, நவராத்திரி மண்டபத்தை வெறும் கச்சேரி மண்டபமாகக் காட்டிக் கடந்துவிடுவதுதான். கம்பர் வழிபட்டதாக மரபு சொல்லும் சரஸ்வதி விக்கிரகம், ஆண்டுதோறும் நவராத்திரிக்காகக் குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து, வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் உடன்வர, ஊர்வலமாக இங்கே கொண்டுவரப்படுகிறது. 1956இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்து எல்லை மாறிய பின்னும் அந்த ஊர்வலம் நிற்கவில்லை. கம்பரைப் பற்றிய செய்தி வரலாற்றுச் சான்றன்று, மரபுதான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்; சொன்னாலும் அதன் சுவை குறைந்துவிடாது. அருகிலுள்ள குதிரைமாளிகையை எழுப்பிய திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளையும் இங்கேயே பேசிவிடலாம்.

நேரத்திலும் கவனம் வேண்டும். நண்பகலையொட்டிக் கோயில் நடை சாத்தப்படும், ஆண்கள் சட்டையின்றி வேட்டியுடன்தான் உள்ளே செல்ல முடியும், கைப்பேசிக்கு அனுமதியில்லை. இவற்றை வாசலில் வைத்துச் சொல்லாமல், பதிவு செய்யும்போதே தெரிவித்துவிட வேண்டும். ஆற்றுக்கால் பகவதி கோயிலின் ‘பொங்கலை’ விழா நாளில் இந்த நடையை வைக்கவே கூடாது: தெருக்களெங்கும் அடுப்புகள் மூட்டியிருக்க, கால் வைக்க இடமிருக்காது.