நூலிழையில் நழுவும் ஆட்டங்கள்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021ஆம் ஆண்டு நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி 12 ஆட்டங்கள் ஆடி 3இல் வென்று 9இல் தோற்றது. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் அது படுமோசமான அணி என்றே முடிவு கட்டுவார். ஆனால் அந்தப் பருவத்தில் அந்த அணி எடுத்த மொத்தப் புள்ளிகள் 335, விட்டுக்கொடுத்தவை 272. தோற்ற ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட வித்தியாசம் 9 புள்ளிகளைத் தாண்டவில்லை. எட்டு ஆட்டங்களில் அது 8 அல்லது அதற்கும் குறைவு. பந்தை எதிரணியின் இறுதிக் கோட்டுக்குள் கொண்டு சேர்க்கும் ஒரு டச் டவுனுக்கு 6, அதைத் தொடரும் கூடுதல் முயற்சிக்கு (உதைத்தால் 1, மீண்டும் கோட்டுக்குள் கொண்டு சென்றால் 2) அதிகபட்சம் 2 என ஒரே தாக்குதலில் எட்டுப் புள்ளிகள் வரை எடுக்கலாம் என்பதால், இந்த அளவுக்குள் முடியும் ஆட்டத்தை அமெரிக்கக் கால்பந்தில் ‘ஒரே ஸ்கோர் ஆட்டம்’ என்பார்கள். 2018 முதல் 2022 செப்டம்பர் வரை அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஸ்காட் ஃப்ராஸ்ட், இத்தகைய ஆட்டங்களில் 5 வெற்றியும் 22 தோல்வியும் கண்டார். நெருக்கமான ஆட்டங்களில் ஓர் அணி எப்படியெல்லாம் தவறலாம் என்பதற்கு இதைவிட முழுமையான பாடம் கிடைப்பது அரிது.

துணிச்சலைக் குறை சொல்வது

முதல் தவறு நோயறிதலில் நேர்கிறது. கடைசி நிமிடத்தில் தோற்ற அணியைப் பார்த்து, ‘அழுத்தத்தைத் தாங்கும் நெஞ்சுரம் இல்லை’ என்று சொல்லிவிடுவது எளிது. அதை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்ப்பிக்கவும் முடியாது. 2021இல் இந்தப் பழியின் பெரும்பகுதி, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஏட்ரியன் மார்ட்டினெஸ் மீது விழுந்தது. மிச்சிகனுக்கு எதிராக 29-29 என்று சமநிலையில் இருந்தபோது அவர் கையிலிருந்து பந்து பறிபோனது, 32-29 என ஆட்டமும் போனது. ஆகவே பழி முற்றிலும் அடிப்படையற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் அதே மார்ட்டினெஸ் அடுத்த ஆண்டு கான்சாஸ் ஸ்டேட் அணிக்கு மாறி, முந்தைய ஆண்டு நெப்ராஸ்காவுடன் 23-16 எனத் தோற்றுத் திரும்பிய அதே ஓக்லஹோமா மைதானத்தில், அதே ஓக்லஹோமாவை 41-34 என்று வீழ்த்தினார். ஓராண்டில் ஒருவருடைய மன உறுதி தலைகீழாக மாறிவிட்டது என்று நம்புவதைவிட, அவரைச் சுற்றியிருந்த அணி வேறு என்று கொள்வதே பொருத்தம்.

எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டுவது

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கீழே உதிர்ந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது பெரும்பாலும் தற்செயல்தான். நெருக்கமான ஆட்டங்களின் முடிவுகள் நாளடைவில் பாதிக்குப் பாதி என்ற நிலையை நோக்கி நகரும் என்பதும் புள்ளியியலாளர்கள் பலர் ஏற்கும் கருத்துதான். 2022இல் டெக்சாஸ் கிறிஸ்டியன் அணி நெருக்கமான ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று தேசிய இறுதிப் போட்டி வரை சென்றது. அங்கே ஜார்ஜியாவிடம் 65-7 என்று சிதறியது. முக்கிய வீரர்கள் சிலர் விடைபெற்ற பின் 2023இல் 5 வெற்றி, 7 தோல்வி என்ற நிலைக்கு இறங்கியது. அந்த அணியின் ஏற்றத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் 27 முறை நாணயத்தைச் சுண்டினால் ஐந்தோ அதற்குக் குறைவாகவோ தலை விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. எனவே 5-22 என்ற கணக்கை வெறும் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டு, அடுத்த ஆண்டு தானாகச் சரியாகும் என்று காத்திருப்பது பொறுப்பான செயலாகாது. எவை மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன என்று தேடுவதே முறை.

உதைக்கும் அணியை மூன்றாந்தரமாக நடத்துவது

அப்படித் தேடினால் 2021 நெப்ராஸ்காவில் கண்ணில் படுவது ஸ்பெஷல் டீம்ஸ் எனப்படும் உதைக்கும் பிரிவு. பருவத்தின் முதல் ஆட்டத்தில், இல்லினாய்ஸ் உதைத்த பன்ட்டை (முன்னேற முடியாத அணி எதிரணிக்கு உதைத்துவிடும் பந்தை)த் தம் கோட்டருகே பிடித்து நெருக்கடியில் சிக்கிய நெப்ராஸ்கா வீரரால், தம் கோட்டுக்குள்ளேயே ஆட்டம் முடங்கும் ‘சேஃப்டி’ என்ற முறையில் எதிரணிக்கு இரண்டு புள்ளிகள் தானமாகப் போயின. ஓக்லஹோமாவுக்கு எதிராக, டச் டவுனுக்குப் பின் உதைத்த கூடுதல் புள்ளி தடுக்கப்பட்டதோடு நில்லாமல், எதிரணி வீரர் அந்தப் பந்தை மறுமுனை வரை கொண்டு ஓடி இரண்டு புள்ளிகள் சேர்த்தார். அந்த ஆட்டத்தின் வித்தியாசம் 7.

மிகக் கொடுமையானது மிச்சிகன் ஸ்டேட் ஆட்டம். இரண்டாம் பாதி முழுவதும் எதிரணியை ஒரு முதல் டவுன்கூட எடுக்கவிடாமல், அதாவது பத்து யார்டு முன்னேறிப் புதிய வாய்ப்பு பெறவிடாமல், நெப்ராஸ்காவின் தற்காப்பு மறித்து நின்றது. 20-13 என்று முன்னிலை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் உதைத்த பன்ட், தடுப்பு வீரர்கள் ஓடிய பக்கத்துக்கு மாறான பக்கத்தில் போய் இறங்க, ஜெய்டன் ரீட் அதை எடுத்துக்கொண்டு 62 யார்டு ஓடிச் சமன் செய்தார். ஓவர்டைமில் ஆட்டம் 23-20 என்று கைமாறியது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அயோவாவை 21-6 என்று பின்தள்ளியிருந்த நிலையிலும் தடுக்கப்பட்ட ஒரு பன்ட் டச் டவுனாக மாறி, 28-21 என்ற தோல்விக்கு வழி திறந்தது.

இவற்றில் எதுவும் கடைசி விசிலுக்கு முந்தைய பதற்றத்தால் மட்டும் விளைந்ததன்று. ஒன்று முதல் பாதியிலேயே நிகழ்ந்தது. எதிரணியைவிட நாற்பது புள்ளிகள் முன்னே இருக்கும் நாளில் இத்தகைய பிழைகளை யாரும் நினைவில் வைப்பதில்லை. அந்த ஆண்டு ஃபோர்டமை 52-7 என்றும் நார்த்வெஸ்டர்னை 56-7 என்றும் வென்ற நாட்களில் நெப்ராஸ்காவுக்கு அதுவே நேர்ந்தது. பயிற்சி நேரத்தைப் பங்கிடும்போது உதைக்கும் பிரிவுக்கு மிச்சம் மீதியைக் கொடுக்கும் அணி, சமபலம் கொண்ட எதிரணியைச் சந்திக்கும் நாளில்தான் அதன் விலையைச் செலுத்துகிறது.

கடிகாரத்தைப் படிக்காமல் விடுவது

2023 அக்டோபரில் மயாமி அணி ஜார்ஜியா டெக்கைவிட 20-17 என்று முன்னிலையில் இருந்தது. ஏறத்தாழ அரை நிமிடமே மிச்சம். எதிரணியிடம் கடிகாரத்தை நிறுத்த உதவும் டைம் அவுட் எதுவும் இல்லை. ஒரு தாக்குதல் முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே எடுத்துக்கொள்ள 40 விநாடிகள் உண்டு என்பதால், குவார்ட்டர்பேக் பந்தோடு ஒருமுறை முழந்தாளிட்டு முயற்சியை முடித்திருந்தால் போதும், ஆட்டம் முடிந்திருக்கும். மாறாகப் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுத்தார்கள், அது நழுவியது, ஜார்ஜியா டெக் 74 யார்டு கடந்து, ஒரு விநாடி மீதம் இருக்கையில் 23-20 என்று வென்றது. வியப்பு என்னவென்றால், மயாமியின் பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டோபல் 2018இல் ஆரிகன் அணியில் இருந்தபோதும் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக முன்னிலையில் இருந்துகொண்டு ஓடவிட்டு, பந்தை இழந்து, ஓவர்டைமில் தோற்றவர். கழித்தல் கணக்கைக் களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு போடக் கூடாது. எத்தனை விநாடிகள், எத்தனை டைம் அவுட், எப்போது முழந்தாளிடலாம் என்ற அட்டவணையை முன்கூட்டியே எழுதி, அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை அமர்த்த வேண்டும். அதிலும் 2023 முதல், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்கள் தவிர மற்ற நேரங்களில் முதல் டவுனுக்குக் கடிகாரம் நிற்பதில்லை என்பதால் பழைய பழக்கத்தில் போட்ட கணக்கு பொருந்தாது.

முன்னிலையில் இருக்கையில் தேவையற்ற சூதாட்டமும் இதே இனம்தான். 2022இல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னைவிட மூன்றாம் கால்பகுதியில் 28-17 என்று முந்தியிருந்த நெப்ராஸ்கா, பந்தைத் தானே மீட்கும் நோக்கில் திடீரென ஒரு குறுகிய ‘ஆன்சைட்’ உதையை ஆடியது. பந்து எதிரணிக்குப் போய், 31-28 என்று ஆட்டம் கைவிட்டுப் போனது. நார்த்வெஸ்டர்ன் அந்தப் பருவம் முழுவதிலும் பெற்ற ஒரே வெற்றி அதுவே.

இரண்டு புள்ளிக் கணக்கில் தயங்குவது

இங்கே தவறு வேறு திசையில் நேர்கிறது: துணிய வேண்டிய இடத்தில் ஒதுங்குவது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் 14 புள்ளிகள் பின்தங்கிய அணி ஒரு டச் டவுன் எடுத்து எட்டாகக் குறைத்தால், பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஒரு புள்ளி உதையை நாடுவார்கள். ஆனால் இரண்டு புள்ளி முயற்சி வெல்லும் வாய்ப்பு 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எதிரணி மேலும் புள்ளி எடுக்காமல், நம் அணி இன்னொரு டச் டவுன் எடுக்கும் நிலையில், முதல் முயற்சி பலித்தால் அடுத்தது வெறும் உதையிலேயே வெற்றி; பலிக்காவிட்டால் இரண்டாவது டச் டவுனுக்குப் பின் மீண்டும் முயன்று சமன் செய்யலாம். ஓவர்டைமைப் பாதிக்குப் பாதி என்று கொண்டால் மொத்த வெற்றி வாய்ப்பு 57 சதவீதம் வருகிறது. இரண்டு முறையும் உதைத்து ஓவர்டைமுக்குப் போனால் 50. இரண்டு முயற்சிகளும் தவறித் தோற்றால் பயிற்சியாளரைத் திட்டுவார்கள், உதைத்துத் தோற்றால் யாரும் திட்டமாட்டார்கள் என்பதைத் தவிர, தயங்குவதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

2021 முதல் மூன்றாம் ஓவர்டைமிலிருந்து இரு அணிகளும் மாறி மாறி இரண்டு புள்ளி முயற்சிகளை மட்டுமே ஆடவேண்டும். அந்த ஆண்டு இல்லினாய்ஸ் பென் ஸ்டேட்டை ஒன்பதாம் ஓவர்டைமில் 20-18 என்று வென்ற ஆட்டத்தில், மூன்றிலிருந்து ஏழு வரையிலான சுற்றுகளில் இரு தரப்பின் பத்து முயற்சிகளும் வீணாயின. அத்தகைய நாளுக்கு இரண்டு மூன்று உத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு வரும் அணி விரைவில் வெறுங்கையாகிவிடும்.

பயிற்சியாளரை மாற்றினால் போதும் என்று எண்ணுவது

2021 நவம்பரில் நெப்ராஸ்கா தாக்குதல் பிரிவின் நான்கு துணைப் பயிற்சியாளர்களை நீக்கியது. அடுத்த செப்டம்பரில் ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்றவுடன் ஃப்ராஸ்டையும் நீக்கியது. மேட் ரூல் தலைமையில் 2023இல் ஆடிய அணி 5 வென்று 7 தோற்றது. அந்த ஏழில் ஐந்து ஒரே ஸ்கோர் தோல்விகள், மூன்று ஆட்டங்கள் அச்சடித்தாற்போல 13-10. வெளியிலிருந்து பார்த்தால் அதே வியாதி. உள்ளே பார்த்தால், இம்முறை கெடுத்தது பெரும்பாலும் எதிரணிக்கு வாரி வழங்கிய பந்துகள்: மின்னசோட்டாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் இறுதியில் ஓர் இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது), மேரிலாண்டுக்கு எதிராக 10-10 என்ற நிலையில், கம்பங்களுக்கிடையே உதைத்து 3 புள்ளிகள் எடுக்கும் ஃபீல்டு கோலுக்கு எளிதான தூரத்தில் நின்றுகொண்டு கோட்டுக்குள் வீசிய பந்து எதிரணி கையில், அயோவாவுக்கு எதிராகவும் கடைசி நிமிடத்தில் ஓர் இன்டர்செப்ஷன்.