பெரியவர்கள் மறைந்தால் பலகையில் எழுதுவது எப்படி

குடியாத்தத்தில் எங்கள் தெருப் படிப்பகத்தின் கரும்பலகையில் இரங்கல் செய்தி எழுதுவது பல வருஷமாக என் வேலை. இப்போது கண் மங்கிவிட்டதால் சாக்பீஸைத் தம்பிகளிடம் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

முதலில் வயதைச் சரியாகப் போடுங்கள். இறந்த வருஷத்திலிருந்து பிறந்த வருஷத்தைக் கழித்தால் மட்டும் போதாது, அந்த வருஷப் பிறந்தநாள் வந்து போனதா என்று பார்க்க வேண்டும். ராஜாஜி பிறந்தது 1878 டிசம்பர் 10, மறைந்தது 1972 டிசம்பர் 25. பிறந்தநாள் முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது, அதனால் 94. டாக்டர் பால் பிராண்ட் பிறந்தது 1914 ஜூலை 17, மறைந்தது 2003 ஜூலை 8. பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் பாக்கி. நான் அவசரத்தில் 89 என்று எழுதிவிட்டேன், 88தான் சரி. '89ஆவது வயதில்' என்று எழுதியிருந்தால் பிழையில்லை, அது நடப்பு வயது.

ஆனால் அன்று நான் செய்த பெரிய தப்பு வேறு. 'புகழ்பெற்ற மருத்துவர் முதுமையால் காலமானார்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். சாயங்காலம் ஒரு பெரியவர் பலகை முன்னால் ரொம்ப நேரம் நின்றார். என்னைக் கூப்பிட்டு வலது கையை விரித்து, மடக்கிக் காட்டினார். "தொழுநோய்ல வெரலெல்லாம் வளைஞ்சு கெடந்துச்சு சார். வேலூர்ல ஆபரேசன் பண்ணி மடக்க நீட்ட வச்சாங்க. அவரு கத்துக் குடுத்த வைத்தியம் அது. அத எழுதலியே நீங்க?" என்றார். அழித்துவிட்டு அவர் எதிரிலேயே திரும்ப எழுதினேன்: 1946இல் வேலூர் வந்தவர், நல்ல தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) இடம் மாற்றித் தைத்து முடங்கிய விரல்களை இயங்க வைத்தவர், தொழுநோயாளிக்கு விரல் போவது உணர்ச்சி மரத்துக் காயம் தெரியாமல் போவதால்தான் என்று காட்டியவர்.

ஆகவே வயதுக்கு ஒரு வரி, செய்த வேலைக்கு நாலு வரி. ரொம்ப காலம் வாழ்ந்தவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். அவர்கள் ஓடியாடி உழைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் முன்பே போய்ச் சேர்ந்திருப்பார்கள். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1960 மே மாதம் கொடைக்கானலில் 89 வயதில் மறைந்தார். அவர் நினைவுநாளுக்கு எழுதும்போது ஆஸ்பத்திரியை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ராணிப்பேட்டையில் பிறந்தவர், 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியவர், குடியாத்தம் வரும் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தவர். நம் ஊர் ரோடு அது. படிக்கிறவர் ஒரு நிமிஷம் திரும்பி ரோட்டைப் பார்ப்பார்.

அப்புறம், சொல். பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று வேலூர் சி.எம்.சி.யில் 94 வயதில் மறைந்தார். அவருக்குப் போய் 'இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதினால் அவர் வாழ்நாள் முழுக்கப் பேசியதை நாமே அழித்த மாதிரி. 'இயற்கை எய்தினார்' என்று எழுதுங்கள். காங்கேயநல்லூர் கிருபானந்த வாரியாருக்கு 'முருகனடி சேர்ந்தார்' என்பதே பொருத்தம். அவர் உயிர் பிரிந்தது 1993 நவம்பர் 7, லண்டனிலிருந்து திரும்பும் விமானத்தில், 87 வயதில். வயதானவர் என்றாலே 'தம் இல்லத்தில்' என்று கை தானாக எழுதப் பார்க்கும், கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். முஸ்லிம் பெரியவருக்கு 'வஃபாத்தானார்', கிறிஸ்தவருக்கு 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று அவர்கள் வீட்டில் சொல்வதையே எழுதலாம். சந்தேகம் வந்தால் 'காலமானார்' எல்லோருக்கும் சரி.

எழுத்து பெரிதாக இருக்கட்டும். தறிக்குப் போகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றியபடியே படிப்பார்கள். மூன்று நாள் அழிக்காதீர்கள். பலகையின் அடியில் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள். அந்தப் பெரியவரைப் போல யாராவது வந்து ஒன்று சொன்னால், அதை எழுத இடம் வேண்டும்.