நிழல் உண்டு, ஈரம் இல்லை: மரம் வைப்போர் செய்யும் தவறுகள்

மரம் வைத்தால் மண்ணில் ஈரம் தங்கும் என்பது பாதி உண்மைதான். என்ன மரம், அதன் சருகை என்ன செய்கிறோம், வேர் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் வைத்தால் நிழல் கிடைக்கும், ஈரம் கிடைக்காது.

அடிக்கடி நடப்பது சருகைக் கூட்டிக் கொளுத்துவது. எந்த மரத்தடியிலும் அது கெடுதல்தான், தேக்கில் இரட்டிப்புக் கெடுதல். தேக்கு இலை முறம் மாதிரி அகலம். மழைத்துளிகள் அதில் ஒன்றுசேர்ந்து பெரிய சொட்டுகளாகி, பல மீட்டர் உயரத்திலிருந்து தரையில் அறையும். கீழே சருகு மெத்தை இருந்தால் அது அடியைத் தாங்கிக்கொள்ளும். வெறும் தரையாக இருந்தால் மண்கட்டி உடைந்து, நுண்மண் துளைகளை அடைத்து, மேலே ஓடு கட்டிவிடும். அடுத்த மழை இறங்காமல் வழிந்தோடும். சந்தேகம் இருந்தால் மழை விட்டதும் தோப்புக்குள் போய்ப் பாருங்கள். அடிமரத்தில் சேறு தெறித்திருக்கும். சின்னக் கற்கள் ஒவ்வொன்றும் குட்டையான மண் தூணின்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தத் தூணின் உயரம்தான் சுற்றிலும் கரைந்துபோன மண்ணின் அளவு.

சருகை விட்டுவைத்தாலே போதும் என்று இதைச் சவுக்குக்கும் பொருத்துவது அடுத்த தவறு. சவுக்கு, தைலமரச் சருகுகள் மெதுவாகத்தான் மட்கும். அவற்றிலுள்ள மெழுகுப் பொருள்கள் மண் துகள்மேல் படிந்துவிட்டால், காய்ந்த மண் நீரை ஒட்டவிடாது. களிமண்ணில் இது குறைவு. மணலில் துகள்களின் மொத்தப் பரப்பு குறைவு என்பதால் கொஞ்சம் மெழுகே எல்லாவற்றையும் பூசிவிடும். சோதிப்பது சுலபம். கோடையில் சருகை ஒதுக்கி, மண்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் கவலையில்லை. 5 விநாடிக்கு மேலும் தூசு போர்த்திய மணி போல உருண்டு நின்றால் மண் நீரை விலக்குகிறது என்று பொருள். அங்கே ஒரேயடியாகத் தண்ணீர் பாய்ச்சினால் சில தடங்கள் வழியே கீழே ஓடிவிடும்; பக்கத்து மண் உலர்ந்தே கிடக்கும். லேசாக நனைத்து, அரை மணி நேரம் விட்டு, மறுபடி நனையுங்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய ஏரி வண்டலைக் கொட்டி மேல்மண்ணில் கலக்க வேண்டும்.

தைலமரத்தை வெட்டியதும் அதன் தண்ணீர்ச் செலவு நின்றுவிடும் என்று நினைத்து, அடிக்கட்டையைத் துளிர்க்க விடுகிறவர்கள் உண்டு. நீலகிரியில் கிளென்மார்கன் பகுதியில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றில் கற்பூர மரம் (அங்கு வளரும் தைலமர வகை) வைத்து நீண்டகாலம் அளந்தார்கள். முதல் 10 ஆண்டுச் சுற்றில் அங்கிருந்து வெளியேறும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் துளிர் முதல் நாளிலிருந்தே குடிக்கத் தொடங்குகிறது. ஈரம் திரும்ப வேண்டுமானால் கட்டையைத் தோண்டி எடுத்தோ, வேறு வழியிலோ அது மறுபடி துளிர்க்காமல் செய்ய வேண்டும்.

வரப்பில் மரம் வைத்துவிட்டு ஓரப் பயிர் வாடுகிறதே என்று கூடுதல் தண்ணீர் விடுவதும் வீண். அது மரத்துக்குத்தான் போகும். மரவரிசைக்கும் பயிருக்கும் நடுவே ஒரு மீட்டர் ஆழம், அரை மீட்டர் அகலத்தில் வாய்க்கால் வெட்டி மேல்வேரைத் துண்டியுங்கள். அதை மண்போட்டு மூடிவிட்டால் வேர் திரும்பி வந்துவிடும்.

வளர்ந்த மா, புளி, வேம்புக்கு அடிமரத்தில் தண்ணீர் ஊற்றுவது பழக்கமாகிவிட்டது. நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் தள்ளி, இலை விரிப்பின் ஓரத்தை ஒட்டி இருக்கின்றன. வட்டப்பாத்தி அங்கேதான் வேண்டும். தென்னை வேறு கதை. ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்களில் பெரும்பகுதி அடியிலிருந்து 2 மீட்டருக்குள் இருக்கும். பாத்தி 1.8 மீட்டர் ஆரத்தில் இருந்தால் போதும்.

தென்னைக்குத் தேங்காய் உரிமட்டை புதைப்பவர்கள் கவனிக்காத ஒன்று, மட்டையின் திசை. அடியிலிருந்து 2 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழத்தில் வட்டக் குழி எடுத்து, குழிந்த பக்கம் மேலே வருமாறு அடுக்க வேண்டும். அப்போதுதான் கிண்ணம் போல நீரைப் பிடிக்கும். பாத்தியில் மூடாக்காகப் பரப்பும்போது நேர்மாறு, குழிந்த பக்கம் கீழே. மட்டையை நன்றாக ஊறவைத்துப் புதையுங்கள். காய்ந்ததைப் போட்டால் முதல் தண்ணீரை அதுவே குடித்துவிடும்.