ஏழாம் வகுப்புக்கு ‘தி கிவர்’ நாவலை நடத்துவது எப்படி?

டிஸ்டோப்பியன் நாவலை, அதாவது வெளியே ஒழுங்காகத் தெரிந்தாலும் உள்ளே கொடுமை நிறைந்த கற்பனைச் சமூகத்தைக் காட்டும் கதையை, முதன்முறையாக நடத்தும் ஆசிரியர்கள் பலர், “இது ஒரு மோசமான உலகத்தைப் பற்றிய கதை” என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறார்கள். அப்படிச் சொன்னதுமே பாதிக் கதை போய்விடுகிறது. அந்த உலகம் பிள்ளைகளுக்கு முதலில் பிடிக்க வேண்டும். அதற்குத் தோதான புத்தகம், லோயிஸ் லோரி 1993-இல் எழுதிய ‘தி கிவர்’. நாயகன் ஜோனஸுக்குப் பன்னிரண்டு வயது ஆகப்போகிறது, கிட்டத்தட்ட உங்கள் மாணவர்களின் வயது.

முதல் வேலை: மொத்தம் 23 அத்தியாயங்கள்தான், எல்லாவற்றையும் நீங்கள் படித்து முடித்துவிடுங்கள். அப்புறம் பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். கதையில் மரணம் வருகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் இந்த நாவலுக்குப் பலமுறை எதிர்ப்பும் வந்திருக்கிறது. விஷயம் முதலில் உங்கள் மூலம் தெரிவதுதான் நல்லது.

இரண்டாவது: புத்தகத்தைத் திறப்பதற்கு முன், “உலகத்திலிருந்து எதையெல்லாம் எடுத்துவிடலாம்?” என்று கேளுங்கள். பசி, சண்டை, கேலி, பரீட்சை என்று வரிசையாகச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கருத்து எதுவும் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது: முதல் எட்டு அத்தியாயங்கள். ஜோனஸின் ஊரில் பசி இல்லை, போர் இல்லை. ஒன்பது வயதானால் எல்லாருக்கும் சைக்கிள். பன்னிரண்டில் அவரவருக்கு ஏற்ற வேலையைப் பெரியவர்களே தேர்ந்து கொடுத்துவிடுவார்கள். நோட்டில் ‘பிடித்தது’, ‘உறுத்துவது’ என இரண்டு பத்திகள் போடச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் முதல் பத்திதான் நிரம்பும். நிரம்பட்டும்.

இங்கே கவனமாக இருக்க வேண்டியது ‘ரிலீஸ்’ என்ற சொல்லில். முதல் அத்தியாயத்திலேயே, வழி தவறிப் பறந்த ஒரு விமானியை ரிலீஸ் செய்யப்போவதாக ஒலிபெருக்கி அறிவிக்கிறது. நாலாம் அத்தியாயத்தில் ஒரு முதியவரின் ரிலீஸைக் கொண்டாடுகிறார்கள். அப்படியென்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவரவர் ஊகத்தைத் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தில் ஜோனஸின் கையில் ஆப்பிள் ஏன் மாறித் தெரிகிறது என்பதற்கும் இதே முறைதான். விடை 12-ஆம் அத்தியாயத்தில் தானாக வரும்.

நான்காவது: ஒன்பதாம் அத்தியாயத்துக்கு ஒரு முழு பீரியட் ஒதுக்குங்கள். ஊரின் பழைய நினைவுகளைப் பெற்றுக்கொள்ளும் வேலைக்குத் தேர்வான ஜோனஸுக்குக் கிடைக்கும் எட்டு விதிகளில் கடைசி விதி, அவன் பொய் சொல்லலாம் என்பது. “இதே அனுமதி ஊரிலுள்ள பெரியவர்களுக்கும் கிடைத்திருந்தால்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். யாராவது ஒரு பிள்ளை ஜோனஸின் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும். அந்தப் பேச்சைத் துண்டிக்காதீர்கள், கதையின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாவது: 19-ஆம் அத்தியாயம். இதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கவே கூடாது. இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை ஜோனஸின் அப்பா ஊசி போட்டு ‘ரிலீஸ்’ செய்கிறார், அதாவது கொல்கிறார், அன்பான குரலில் பேசிக்கொண்டே. இதை வகுப்பிலேயே நீங்கள் நிதானமாக வாசியுங்கள். அண்மையில் வீட்டில் சாவைப் பார்த்த பிள்ளை இருந்தால், முந்தின நாளே தனியாகச் சொல்லி, விரும்பினால் நூலகத்தில் இருக்கலாம் என்று சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்க வேண்டாம். பத்து நிமிடம் எழுதட்டும். பிறகு தங்கள் பழைய ஊகங்களை எடுத்துப் பார்க்கட்டும். சார்ட்டில் இருப்பதில் எதை உலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பேசட்டும். பசியைத் திருப்பிக் கொடுக்க யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சரி, வலியை? அங்கேதான் வாதம் சூடுபிடிக்கும்.

கடைசியாக, முடிவு. ஊரைவிட்டுத் தப்பி ஓடும் ஜோனஸும் அவன் தூக்கிக்கொண்டு போகும் குழந்தை கேப்ரியலும் பிழைத்தார்களா என்பதை லோரி திறந்தே விட்டிருக்கிறார். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, புத்தகத்தின் வரிகளை மட்டும் ஆதாரமாக வைத்து வாதாடச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை ஆதாரத்துக்குக் கொடுங்கள், எந்த அணி என்பதற்கு அல்ல. இதே வரிசையில் பின்னால் வந்த ‘மெசஞ்சர்’, ‘சன்’ நாவல்களில் விடை கிடைக்கும். ஆனால் வாதம் முடியும்வரை அந்தப் பெயர்களை எடுக்காதீர்கள்.